பொதுப்பணி ஆய்வும் தோட்டத் தமிழரும்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்பாக, அதன் கரையில் அமைந்த சிற்றூர் கம்போங் குவாந்தான். இருள் சூழ்ந்ததும் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் எண்ணற்ற மின்மினிகள் ஒருசேர ஒளிவிட்டு ஒருசேர அணையும். அக்காட்சியைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இதே ஆற்றின் இருமருங்கிலும் காட்டை அழித்து, வாய்க்கால் வெட்டி, கன்று நட்டு, காய்ச்சலில் மாண்ட தமிழ்த் தொழிலாளரின் கதை அவ்வொளிக்கு வெளியே இருளில் கிடக்கிறது.

கோலசிலாங்கூரும் அதன் வடபகுதியும் மலாயாத் தோட்டத் தொழிலின் தொட்டில்களுள் ஒன்று. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே இவ்வாற்றின் கரையிலுள்ள ரந்தாவ் பாஞ்சாங்கில்தான் தம் இரப்பர்த் தோட்டத்தை அமைத்தார். பின்னர் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நாட்டில் வாணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாக நடப்பெற்றது 1917-ஆம் ஆண்டில். அந்நடவு நிகழ்ந்த தோட்டத்தின் பெயர் தென்னமரம். அது முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே உள்ளது. துரைமார்கள் கைக்குப் போன மண்ணிலும் தமிழன் இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

பொதுப்பணிகளை நடத்தும் முறை பற்றி இந்நாளில் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக் கழகங்களும் பெரிதும் ஆராய்கின்றன. குடிநீர், மருத்துவம், கல்வி, வீடமைப்பு ஆகியவற்றை எவ்வாறு சீருற நடத்துவது என்பதே அவ்வாய்வுகளின் பொருள். இவ்வாய்வின் நோக்கம் யாது? அறிவை வளர்ப்பதா? அரசுக்கு ஆலோசனை கூறுவதா? அன்றி, அப்பணிகளை நம்பி வாழும் எளிய மக்களுக்குத் துணை நிற்பதா? இவ்வினாவுக்கு விடை காண அயல்நாட்டு நூல்களை மட்டும் நாட வேண்டியதில்லை. கிள்ளான் முதல் கோலசிலாங்கூர் வரை நீண்ட தோட்டங்களின் வரலாறே போதிய விடை தரும்.

தோட்டம் எனும் தனி உலகம்

நகரத்தில் வாழ்பவனுக்கு மருத்துவமனை அரசினது. குழாய் நீர் அரசினது. பள்ளியும் பெரும்பாலும் அரசினது. தோட்டத்தில் வாழ்ந்தவனுக்கோ இவையனைத்தும் துரையினவாக இருந்தன. குடியிருந்த லயம், நீர் இறைத்த கிணறு, குழந்தையை விட்டுச்சென்ற ஆயாக்கொட்டகை, பிள்ளை படித்த பள்ளி, காய்ச்சலுக்கு மருந்து தந்த டிரசரின் அறை யாவும் தோட்ட நிர்வாகத்தின் கணக்கேட்டில் செலவினங்களாக எழுதப்பட்டவை. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்கிறானா என்பதே முதல் கேள்வி. அவன் நலமாக இருக்கிறானா என்பது அடுத்ததாகவே வந்தது.

அரசு முற்றிலும் வாளாவிருந்தது என்று கூறிவிட முடியாது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910-இல் புதிய ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆயினும், சட்டம் இயற்றுவது அரசு, பணியை நடத்துவது முதலாளி என்ற பிரிவு அப்படியே நீடித்தது. பொதுமக்களுக்கு உரிய பணிகள் தனியார் கையில் இருந்தன. இத்தகைய நிலையில், பணி செம்மையாக நடக்கிறதா என்பதை யார் அறிவது? எவ்வாறு அறிவது? ஆய்வின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

கிள்ளானில் ஒரு கணக்கு

1901-ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்னும் இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்ற உண்மைக்கு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் சான்று கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகம் அப்போதுதான் நடைபயிலத் தொடங்கியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் அங்குப் பணிபுரிந்தோர் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் வீழ்ந்தனர். பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

மூடுவதற்கு முன் சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார் வாட்சன். மாநில மருத்துவத் தலைவர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, தேங்கிய நீர் வடிந்தது. வாட்சனின் தனிச்சிறப்பு வாய்க்கால் வெட்டியதில் இல்லை; எண்ணிப் பார்த்ததில் இருந்தது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் மலேரியாவால் மாண்டோர் 368 பேர். 1902-இல் அத்தொகை 59 ஆயிற்று. 1903-இல் 46 ஆயிற்று. மற்ற நோய்களால் நேர்ந்த இறப்பும் 1901-இல் 214-ஆக இருந்து அடுத்த ஆண்டு 85-ஆகக் குறைந்தது.

இந்த எண்கள் ஓர் அலுவலகக் கோப்பில் உறங்கிவிடவில்லை. ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. எவரும் சரிபார்க்கலாம், எவரும் மறுக்கலாம் என்ற நிலையில் உலகின் முன் வைக்கப்பட்டன. நிர்வாகி தரும் அறிக்கைக்கும் ஆய்வாளன் தரும் அறிக்கைக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே. முன்னது மேலதிகாரியின் நிறைவுக்காக எழுதப்படுவது. பின்னது ஐயத்துடன் படிப்போருக்காக எழுதப்படுவது.

மேட்டில் பொய்த்த மருந்து

இவ்வெற்றியோடு கதை முடிந்திருந்தால் வாட்சனின் ஆய்வு ஒரு நல்ல நிர்வாகியின் சாதனையாக மட்டுமே நின்றிருக்கும். கிள்ளான் சமவெளியில் வென்ற முறையைக் குன்றுப் பகுதித் தோட்டங்களில் கையாண்டபோது நேர்மாறான விளைவு ஏற்பட்டது. காடு வெட்டப்பட்டது, ஓடைகள் துப்புரவாயின, வெயில் நீரின்மேல் விழுந்தது. காய்ச்சலோ குறையவில்லை, சில தோட்டங்களில் கூடவும் செய்தது. புதிதாகத் திறக்கப்பட்ட மேட்டு நிலத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் ஓராண்டுக்குள்ளாகவே மாண்டனர்.

காரணம் ஆராயப்பட்டது. சமவெளியில் நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழலை அகற்றி நீரை வடித்தால் அது அழியும். மலைப்பகுதியில் நோய் பரப்பிய அனோபிலிஸ் மாக்குலாட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடுவது. காட்டை வெட்டி ஓடையைத் துப்புரவாக்கியவர்கள், அறியாமலேயே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருந்தனர். கடலோரத்திலோ வேறொரு கொசு. அது வெயில் படும் உவர்நீரில் வளர்வது. அலையாத்திக் காட்டை முறையின்றித் திறந்த இடங்களில் அது பெருகியது.

ஆக, ஒரே நோய்க்கு மூன்று நிலத்தில் மூன்று மருந்து வேண்டியிருந்தது. மேட்டு நிலத்தில் ஓடையை நிலத்தடிக் குழாய்களுக்குள் செலுத்தினர். இயலாத இடத்தில் நீர்மேல் எண்ணெய் தெளித்தனர். லயங்களைக் கொசு வளரும் இடத்திலிருந்து அரை மைல் தள்ளிக் கட்டுமாறு அறிவுறுத்தப்பட்டது. தோட்டப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுப்பதே நோயின் அளவை அறியும் வழியாயிற்று. இவ்வனுபவங்களைத் தொகுத்து வாட்சன் 1911-இல் நூலாக வெளியிட்டார். 1921-இல் அதன் இரண்டாம் பதிப்பு விரிவாக வந்தது. டச்சு அறிஞர் சுவெல்லன்கிரேபல் இம்முறையைப் பின்பற்றி, கொசுவின் இனம் அறிந்து தடுக்கும் கோட்பாடாக அதற்குப் பெயரிட்டு வளர்த்தார்.

தாம் முன்பு பரிந்துரைத்த முறை எல்லா நிலத்திற்கும் ஏற்றதன்று என்று தாமே நூலில் எழுதினார் வாட்சன். ஆய்வின் பெருமை அதில் இருக்கிறது. ஆணை பிறப்பித்தவன் தன் ஆணை தவறென்று எளிதில் சொல்வதில்லை. உண்மையைத் தேடுபவன் சொல்லியே ஆக வேண்டும்.

பழமொழிகளும் நிர்வாக விதிகளும்

நிர்வாகத்தைத் தனியொரு கல்வித் துறையாக ஆராய வேண்டும் என்று அமெரிக்காவில் உட்ரோ வில்சன் கட்டுரை எழுதியது 1887-இல். அதன்பின் வந்த அறிஞர்கள் நல்ல நிர்வாகத்துக்கான பொது விதிகளை வகுக்க முனைந்தனர். 1946-இல் ஹெர்பர்ட் சைமன் அவ்விதிகளைக் கடுமையாக ஆராய்ந்து, அவை பழமொழிகளைப் போன்றவை என்றார். எந்தப் பழமொழிக்கும் எதிரான இன்னொரு பழமொழி உண்டு என்பது அவர் வாதம்.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. 'பதறாத காரியம் சிதறாது' என்று பொறுமையைப் போற்றும் அதே வாய், 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று விரைவையும் வற்புறுத்தும். இரண்டும் உண்மையே. எப்போது எது பொருந்தும் என்பதே கேள்வி. 'காட்டை வெட்டு, நீரை வடி' என்பது கிள்ளானில் உண்மை, குன்றில் பொய். எந்த நிலத்தில் எந்த விதி செல்லும் என்று எல்லை வகுத்துக் காட்டுவதே பொதுப்பணி ஆய்வின் தலையாய கடமை. எல்லை கூறாத விதி, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், யாரோ ஒருவரின் உயிரைப் பலி கொள்ளும்.

இதே காலத்தில் நிகழ்ந்த பெரிபெரி நோய் ஆய்வும் இங்கு எண்ணத்தக்கது. தீட்டிய வெள்ளை அரிசியை உண்டோரிடையே அந்நோய் பரவியது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாக இருந்ததை மலாயாவில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் கவனித்து 1907-இல் நூலெழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சாராருக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் அளித்து அவ்வேறுபாட்டை உறுதி செய்தார். பின்னர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தீட்டும்போது நீங்கும் மேல்தோலிலேயே நோய் தடுக்கும் பொருள் உள்ளது எனத் தெளிந்தனர். தமிழ்ப் பெண்டிரின் அடுப்படிப் பழக்கம் உலக அறிவியலுக்குத் தடயம் தந்தது. எனினும், அரிசியைப் பிரித்து அளித்தபோது மருத்துவமனையில் அடைபட்டிருந்தோரின் இசைவு கேட்கப்படவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. ஆய்வு பிறருக்கு நன்மை பயக்கலாம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு சிலராக இருக்கலாம்.

கேட்கப்படாத கேள்வி

மலேரியா ஆய்வு பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும் அவ்வாய்வு ஏன் அத்துணை ஆதரவு பெற்றது என்பதையும் கருத வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளி பால் வெட்டப் போக மாட்டான். மாண்டவனுக்குப் பதிலாகக் கடல் கடந்து இன்னொருவனைக் கொண்டுவரச் செலவாகும். முதலாளியின் நட்டமும் தொழிலாளியின் உயிரும் ஒரே பக்கம் சாய்ந்த இடத்தில் ஆய்வு வென்றது. அவை எதிரெதிராக நின்ற இடங்களில் ஆய்வே எழவில்லை. கூலி போதுமா, பள்ளியில் பிள்ளை எதைக் கற்கிறது, ஓர் அறையில் ஒரு குடும்பம் எவ்வாறு வாழ்வது என்பவை அளந்து பார்க்கப்படாத வினாக்களாகவே நெடுங்காலம் இருந்தன.

அளக்காதவற்றை மக்கள் தாமே எடுத்துரைத்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கூலி உயர்வோடு நல்ல மருத்துவ வசதியும், பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளில் அடங்கின. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிநிலை ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். பொதுப்பணி பற்றிய ஒரு முழுமையான ஆய்வறிக்கையில் இடம்பெற வேண்டிய செய்திகள் அக்கோரிக்கைகளில் இருந்தன. வாசிக்கத்தான் அன்று ஆளில்லை.

பல்கலைக்கழகத்தின் வருகை

விடுதலைக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். துண்டான தோட்டத்தில் லயம் யாருடையது? கிணற்றைப் பேணுவது யார்? பள்ளிக்குப் பொறுப்பு யார்? ஒரு கையொப்பத்தில் ஒரு சிற்றூரின் பொதுப்பணிகள் அனைத்தும் அநாதையாயின. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை, பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில், 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. தொழிலாளி இழந்த வேலையும் வீடும் வசதியும் முதன்முறையாகப் பல்கலைக்கழக ஆய்வின் பொருளாயின.

அவ்வறிக்கை வந்த மறுநாளே துண்டாடல் நின்றுவிடவில்லை. அது மேலும் தொடர்ந்தது. தோட்ட நிலத்தைக் கைம்மாற்ற அனுமதி பெற வேண்டும் என்ற விதி பின்னரே தேசிய நிலச் சட்டத்தில் இடம் பெற்றது. ஆய்வுக்காகக் காத்திராமல் 1960-இலேயே துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. அறிஞரின் ஏடு நோயை விளக்கியது. தொழிலாளியின் சேமிப்பு மருந்துக்கு வழி செய்தது. இரண்டும் கைகோத்திருப்பின் இன்னும் பல தோட்டங்கள் காப்பாற்றப்பட்டிருக்கும்.

அதே காலத்தில் துன் அப்துல் ரசாக் கிராமப்புற மேம்பாட்டுக்காகச் சிவப்பு நூல் முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் சாலை, நீர், பள்ளி, மருந்தகம் ஆகியவற்றின் தேவை வரைபடத்தில் குறிக்கப்பட்டது. நிர்வாகச் சீர்திருத்தம் பற்றி அமெரிக்கப் பேராசிரியர்களான மாண்ட்கோமெரியும் எஸ்மனும் 1966-இல் அறிக்கை அளித்தனர். அதன் பயனாகப் பிரதமர் துறையில் மேம்பாட்டு நிர்வாகப் பிரிவு அமைந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் நிர்வாகவியல் புலம் அதே ஆண்டில் தோன்றியது. அரசு ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கும் இந்தான் கழகம் 1972-இல் உருவாயிற்று. நாடு பெருமை கொள்ளத்தக்க வளர்ச்சி இது.

ஆயினும் ஒரு குறை நின்றது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்களின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டன. கம்பத்துக்குக் குழாய் நீர் வந்தபோது பக்கத்துத் தோட்டத்து லயத்தில் கிணற்றுக் கயிறு ஓயவில்லை. வரைபடம் துல்லியமானது, அதில் ஒரு கூட்டம் இடம்பெறவில்லை. கெர்னியல் சிங் சாந்து, சின்னப்பா அரசரத்தினம், ரவீந்திர ஜெயின் ஆகியோரின் நூல்கள் 1969, 1970-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தபோதுதான் இந்நாட்டு இந்தியரின் வாழ்வு ஆராய்ச்சி உலகின் கண்ணில் முழுமையாகப் பட்டது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1990-இல் புதுப்பிக்கப்பட்டது. 2019-இல் மேலும் திருத்தப்பட்டது. தமிழர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட பின், இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பிற நாட்டவரும் உழைக்கின்றனர். அன்று தமிழனைப் பற்றிக் கேட்காமல் விட்ட கேள்விகளை இன்று அவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மின்மினி தரும் பாடம்

கம்போங் குவாந்தானின் மின்மினிகளும் இன்று ஆய்வுக்கு உரியவை. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் அருந்தும் நீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆறு தருவது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்பகுதியில் அணை கட்டப்பட்டபோது, நன்னீர் குறைந்து உவர்நீர் மேலேறினால் பெரெம்பாங் மரங்களும் மின்மினிகளும் என்னாகும் என்ற கவலை எழுந்தது. மலேசிய வன ஆய்வுக் கழகத்தினர் அவற்றைத் தொடர்ந்து கண்காணித்து வருகின்றனர். மின்மினியின் புழு, ஆற்றங்கரையின் ஈர நிலத்தில் நத்தைகளை உண்டு வளர்வது. ஆகவே மரத்தை மட்டும் காத்தால் போதாது, கரையையும் காக்க வேண்டும் என்ற அறிவு அத்தகைய ஆய்வால் விளைந்தது. தலைநகரத்தின் குடிநீர்ப் பணி எங்கோ ஒரு கரையில் எவ்விளைவை ஏற்படுத்துகிறது என்பதை அளந்து சொல்ல ஆளிருக்கிறது. இது நன்று.

இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் கொசுவைக் கணக்கிட்டனர். இன்று மின்மினியைக் கணக்கிடுகின்றனர். இடையில் வாழ்ந்த மனிதரைக் கணக்கிட்டோர் மிகச் சிலரே. கணக்கிட்டபோதும் அவர்களிடம் கேட்டறிந்தோர் அதனினும் சிலர்.

பொதுப்பணி நிர்வாக ஆய்வின் நோக்கம் எது என்ற வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. பணி செய்வோர் கூறும் கணக்கை, பணியைப் பெறுவோரின் உயிரையும் வாழ்வையும் கொண்டு சரிபார்ப்பது அதன் முதல் நோக்கம். ஓரிடத்தில் வென்ற முறை வேறிடத்தில் கொல்லக்கூடும் என்பதைக் காலத்தில் எச்சரிப்பது இரண்டாவது. வரைபடத்தில் இடம்பெறாதவர் யார் என்று தேடிச் செல்வது மூன்றாவது. கண்டறிந்ததை, யாரைப் பற்றிக் கண்டறியப்பட்டதோ அவர்களுக்கே அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்வது நான்காவது. முதலிரண்டு கடமைகளையும் இம்மண்ணில் ஒரு மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே நிறைவேற்றிக் காட்டினார். மூன்றாவதை ஒரு பல்கலைக்கழகத் துறை தொடங்கிவைத்தது. நான்காவது இன்னும் பெரும்பாலும் செய்யப்படாமலே கிடக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற தலைமுறைக்கு அக்கடமை காத்திருக்கிறது.